மில்லக்காவும் துரையின் நடையும்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. கோப்பாயில் எல்லோரும் மில்லக்கா என்றுதான் கூப்பிட்டோம். மிளகாய்த்தூள், அரிசிமா, குரக்கன்மா அரைக்கிற மில் அவருடையது. மில்லுக்குப் பக்கத்தில் என்னுடைய ஓட்டோ நிற்கும். அதனால் பழக்கம். வேறு உறவு இல்லை. இப்போது அவர் மகளோடு வவுனியாவில் இருக்கிறார். மில் பூட்டிக் கிடக்கிறது.

மில்லக்கா ஆட்களை முகத்தால் அறிகிறவர் இல்லை. காலால் அறிகிறவர்.

அதற்குக் காரணம் மில்லின் சட்டர். மிளகாய் அரைத்தால் தூள் றோட்டுக்கு வரும். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் தும்மும், பிறகு ஏசும். அதனால் சட்டரைப் பாதிக்கு இறக்கி வைத்திருப்பார். உள்ளே ஒரு கட்டையான மர வாங்கில் குந்தி இருப்பார். அங்கே இருந்து பார்த்தால் வருகிறவரின் இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரியாது. காலும் செருப்பும்தான். வருசக்கணக்காக அதையே பார்த்துப் பார்த்து அவருக்கு அது போதுமாகிவிட்டது.

"ஆர், வாத்தியாற்றை மருமோளோ? குனிஞ்சு வா பிள்ளை, தலை அடிபடப்போகுது."

வந்தவள் வாய் திறந்திருக்க மாட்டாள்.

ஒருநாள் ஒருவர் அரிசிப் பையோடு வந்து சட்டருக்கு வெளியே நின்றார். உள்ளே இருந்து குரல் வந்தது.

"தம்பி, உது உன்ரை செருப்பில்லையே."

"என்ரைதான் அக்கா."

"உன்ரை கால் உதுக்குள்ளை நீந்துது. கோயிலிலை மாறிப் போட்டுக்கொண்டு வந்திட்டாய். கெதியாப் போ, அந்தாள் வெறுங்காலோடை நிக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். ஓட்டோக்காரர் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மில்லக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அது பகிடி இல்லை. ஒரு ஆள் பிழையான செருப்போடு நடந்தால் அவருக்குக் கண்ணுக்குள் குத்தும்.

என்னையும் அவர் விடவில்லை. பழகின புதிதில் ஒருநாள் கேட்டார்.

"தம்பி, வலது காலுக்குள்ளை என்ன கிடக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா."

"மத்தியானத்துக்குப் பிறகு நீ இடப்பக்கம் சாயிறாய். உள்ளுக்கை என்னவோ கிடக்கு. துண்டோ?"

துண்டுதான். சண்டை நேரம் பாய்ந்த செல் துண்டு. எடுத்தால் நரம்பு போகும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். நான் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஓம் என்றேன்.

"அப்ப அதை மறைச்சு மறைச்சு நடவாதை. நொண்டு. நொண்டினால் இடுப்பாவது தப்பும்."

அவ்வளவுதான் கதை. எப்படி, எங்கே என்று கேட்கவில்லை.

மில்லோடு அவருக்கு நாய் வளர்ப்பும் இருந்தது. அல்சேசன். வளவின் பின்பக்கம் கம்பிக்கூடு. ஒரு ஆண், ஒரு பெட்டை. குட்டிகள் யாழ்ப்பாணம் முழுக்கப் போயின. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள், தாய் தகப்பன் பெரிய வீட்டில் தனியே இருப்பார்கள். அப்படியான வீடுகளுக்கு நாய் வேண்டும். மில்லக்காவின் குட்டி என்றால் சனம் கேள்வி கேட்காது. கால் பார்த்துக் கொடுக்கிறவர் என்று பெயர்.

அவர் பார்க்கிற விதம் இது. மில்லின் சீமேந்து நிலத்தில் அரிசிமாவைத் தூவுவார். மெல்லிசாக. கோலத்துக்குத் தூவுகிற மாதிரி இல்லை, பவுடர் போட்ட மாதிரி. குட்டியை ஒரு பக்கத்தில் விட்டு மற்றப் பக்கத்தில் இருந்து கூப்பிடுவார். அது மாவில் நடந்து வரும். பிறகு குந்தி இருந்து அடிகளைப் பார்ப்பார். முன்னடி எங்கே, பின்னடி எங்கே, எது ஆழம், எது இழுபட்டது என்று. நல்லது என்றால் குட்டியின் காலைத் துடைத்துவிடுவார். நல்லதில்லை என்றால் அந்தக் குட்டி அவர் வீட்டிலேயே நிற்கும்.

வாங்க வருகிறவர்களையும் நடக்க விடுவார். கிணற்றடியிலிருந்து கேற் வரைக்கும்.

"நானோ? நாயெல்லோ நடக்கோணும்?" என்று கனடாவிலிருந்து வந்த ஒருவர் சிரித்தார்.

"நாய் உங்களோடைதானே நடக்கப்போகுது. நடவுங்கோ பாப்பம்."

அவர் நடந்தார். கையை வீசிக்கொண்டு நல்ல வேகமாக நடந்தார். மில்லக்கா கேற்றைத் திறந்துவிட்டார்.

"உங்களுக்கு நாயைவிடப் பெரிய பூட்டு ஒண்டு நல்லம்."

"ஏன் அக்கா?"

"நீங்கள் நடக்கேல்லை, இழுக்கிறியள். உங்களோடை நடந்து குட்டிக்கு மூட்டுத் தேஞ்சுபோகும்."

அவர் கோபத்தோடு என்னுடைய ஓட்டோவில்தான் திரும்பிப் போனார். மருதனார்மடம் வரைக்கும் ஏசிக்கொண்டு வந்தார். பிறகு இறங்கும்போது, "அவ சொன்னது சரியோ ஐசே?" என்று கேட்டார். நான் றோட்டைப் பார்த்தேன்.

ஆண் நாய்க்குப் பெயர் துரை. வைத்தது மில்லக்காதான். அது நிற்கிற நிலையைப் பார்த்து வைத்த பெயர். முன்னங்கால் இரண்டும் கொஞ்சம் அகட்டி, பாதம் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்கு வந்த பழைய காலத்து வெள்ளைக்காரத் துரை படி ஏறி நிற்கிறமாதிரி என்பார். நடையும் அப்படித்தான். சின்ன அடி. அவசரம் இல்லை. விறாந்தைப் படியால் இறங்கும்போது ஒரு கணம் நின்று, யோசித்து, பிறகுதான் காலை வைக்கும். பூனைக்குப் பின்னால் ஓடாது. றோட்டு நாய் குரைத்தால் எழும்பாது. அநேகமாகப் படுத்துத்தான் இருக்கும்.

"என்ன அமைதி!" என்று வந்தவர்கள் சொல்வார்கள்.

"வம்சம்" என்பார் மில்லக்கா. "நடையைப் பாருங்கோ. ஒரு பக்கம் கூடவோ குறையவோ சாயுதோ? தராசு மாதிரி."

உண்மைதான். ஒரு பக்கமும் சாயாது. அந்த நடைக்காகவே பெட்டை நாய்களைத் தூரத்திலிருந்தும் கொண்டு வந்தார்கள். துரையின் குட்டிதான் வேண்டும் என்று ஆட்கள் காத்து நின்றார்கள்.

கொடுத்த குட்டியை மில்லக்கா மறப்பதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போவார். என்னுடைய ஓட்டோவில்தான். கேற்றைத் தட்டி, "நடக்கவிடுங்கோ பாப்பம்" என்பார். பார்ப்பார். திரும்பி வருவார். தேத்தண்ணிக்கும் நிற்க மாட்டார்.

நல்லூரில் ரியூசன் வகுப்பு நடத்துகிற ஒரு குடும்பம் துரையின் குட்டி ஒன்றை வாங்கியிருந்தது. மாடி வீடு. மாமன், மாமி, மகன், புதிதாகக் கலியாணம் செய்து வந்த மருமகள். நாங்கள் போனபோது குட்டி நல்லாய் வளர்ந்திருந்தது. ஆனால் வலது முன்னங்காலை ஊன்றப் பஞ்சிப்பட்டது. படுத்து எழும்பின உடனே கூட நொண்டும், பிறகு குறையும் என்று மாமி சொன்னார்.

மில்லக்கா அதை விறாந்தையில் இரண்டு தரம் நடக்கவிட்டார்.

"ஆரோ இதைக் கீழை போட்டிருக்கினம்."

நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தார்.

"மாடிப்படியாலை விழுந்த கால் இது. ஆர் தூக்கித் திரியிறது?"

மாமி குசினிப் பக்கம் திரும்பினார். அங்கே மருமகள் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். குட்டியைத் தூக்கித் திரிகிறது அவள்தான்.

"நான் போடேல்லை மாமி."

"அக்கா பாத்துச் சொன்னால் பிழைக்காது."

"நான் போடேல்லை."

"போட்டதைப் போட்டனெண்டு சொன்னால் ஆர் உன்னை அடிக்கப்போறது?" என்றார் மாமி.

அவள் உள்ளே போய்விட்டாள்.

மில்லக்கா வைத்தியம் சொன்னார். முறிவு நெறிவுப் பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கிக் கட்டச் சொன்னார். பிறகு சாப்பாடு. "பெரியபிள்ளையான பெட்டைக்குக் குடுக்கிறமாதிரிக் குடுங்கோ. உழுத்தங்களி, முட்டை, நல்லெண்ணெய். எலும்பு பலக்கும்." எங்கள் பக்கத்தில் இடுப்புக்கும் எலும்புக்கும் அதுதான் மருந்து. சாமத்தியப்பட்ட பிள்ளைகளுக்குக் காலமை வெறும் வயிற்றில் பச்சை முட்டை ஊற்றி, அதே கோதில் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுப்பார்கள். உழுத்தம்மா மில்லக்காவின் மில்லிலேயே அரைபட்டது. ஒவ்வொரு கிழமையும் நான்தான் நல்லூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வாங்கி மிஞ்சின கல்சியக் குளிசையையும் மாமி தன்பாட்டில் சேர்த்துக் கொடுத்தார்.

குட்டி பெருத்தது. மயிர் பளபளத்தது. நொண்டல் கூடினது.

மா கொடுக்கப் போகிற நேரங்களில் சில கதை காதில் விழும். ரியூசனுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் கேற்றடியில் நிற்பார்கள். "ஐயோ, வடிவான நாய், என்ன நடந்தது?" என்று கேட்பார்கள்.

"எங்கடை மருமோள் போட்டது" என்பார் மாமி. "ஒரு நாயை ஒழுங்காத் தூக்கத் தெரியாது. நாளைக்கு ஒரு பிள்ளையை எப்பிடித் தூக்கப்போறாளோ."

மருமகள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்பாள். கேட்டிருக்கும். குட்டியைத் தொட அவளை விடுவதில்லை. அது அவளுக்குப் பின்னால் இழுத்து இழுத்துப் போகும். "அங்காலை போ" என்று மெல்லச் சொல்வாள். போகாது.

நான் மில்லக்காவிடம் சொன்னேன்.

"அங்கை அந்தப் பிள்ளையைப் போட்டு வதைக்கினம் அக்கா. வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுகினம்."

மில்லக்கா மா சலித்துக்கொண்டிருந்தார்.

"போட்டால் பேச்சு வாங்கத்தானே வேணும்."

"அவள் போடேல்லையாம்."

"கால் சொல்லுது தம்பி. நான் என்ன செய்ய?"

அவர் கெட்டவர் இல்லை. கால் பொய் சொல்லாது என்று நம்பினார். தான் அதைப் பிழையாக வாசிக்கலாம் என்று அவருக்கு ஒருநாளும் பட்டதில்லை. எங்களுக்கும் பட்டதில்லை.

மழைக்காலம் தொடங்க அந்தக் குட்டிக்குப் படி ஏற இறங்க இயலாமல் போனது. நல்லூரார் அதைக் கொண்டுவந்து மில் வாசலில் விட்டார்கள். "எங்களாலை ஏலாது அக்கா, நீங்களே வைச்சிருங்கோ" என்றார் மாமி. மருமகள் வரவில்லை.

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் போனோம். வைத்தியர் இளம் பெண்பிள்ளை. குட்டியின் முன்னங்காலைப் பிடித்து மடக்கினார், நிமிர்த்தினார். எங்களுக்கு முழங்கை இருக்கிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். குட்டி கத்தவில்லை. தலையைத் திருப்பி அவருடைய கையை நக்கியது.

"நோகுதெண்டு சொல்லுது" என்றார் டொக்டர். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மேலே ஒரு எலும்பு, கீழே இரண்டு. மூன்றும் சேருகிற இடம்தான் இந்த மூட்டு. கீழே இருக்கிற இரண்டும் சமனாக வளர வேண்டும். ஒன்று முந்தினால், ஒன்று பிந்தினால், மூட்டுப் பொருந்தாது. பொருந்தாத மூட்டில் பாரம் விழ விழ உள்ளே எலும்பு நொறுங்கித் துண்டு கழலும். அந்தத் துண்டு கிடந்து அராவும்.

மில்லக்கா திரும்பி என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"அரைக்கிற தட்டுச் சமனா இருக்காட்டில் மில்லிலையும் உதுதான்" என்றார். "மாவை அரையாது. தட்டைத் தட்டே தின்னும்."

"அதேதான் அம்மா."

"விழுந்ததாலை வந்ததோ?"

"இல்லை. விழுந்தால் வாறது வேறை மாதிரி. இது பிறக்கேக்கையே உள்ளுக்கை இருக்கிறது. வளரேக்கை வெளியிலை வரும். என்ன சாப்பாடு குடுக்கிறியள்?"

மில்லக்கா சொன்னார். களி, முட்டை, எண்ணெய், கல்சியம்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "உப்பிடிக் குடுக்கக் கூடாது அம்மா. பெரிய சாதி நாய்க்குட்டி கெதியா வளந்தால் எலும்பு இன்னும் பிசகும். உடம்புப் பாரமும் அந்த மூட்டிலைதானே விழுது. மெலிவா வைச்சிருக்கோணும்."

"அப்ப நான்தான் கூட்டினனோ?"

"கொஞ்சம். ஆனால் வந்தது உங்களாலை இல்லை. பரம்பரையாலை. தாய் தேப்பன் எங்கை?"

"என்னட்டைத்தான் நிக்குது. தேப்பன் துரை. அவனுக்கு ஒரு குறையும் இல்லை."

"நொண்டுறேல்லையோ?"

"துரையோ? நாளைக்குக் கொண்டுவாறன். நீங்களே பாருங்கோ நடையை."

கொண்டுவந்தார். காலமை குளிப்பாட்டி, தலை வாரி, புது வார் பூட்டிக் கொண்டுவந்தார். ஓட்டோவில் துரை அவருடைய மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. டொக்டரின் முற்றத்தில் துரையை நடக்கவிட்டு அவர் ஓரமாக நின்றார். வாயில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்படி அவர் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை.

"பாத்தியளோ? ஒரு பக்கமாவது சாயுதோ?"

டொக்டர் துரையின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். துரை நின்றதும் முன்னால் போய்க் குந்தினார். வெளியே திரும்பி நின்ற பாதங்களைப் பார்த்தார். வலது முழங்கையை மடக்கினார். துரை மூச்சை இழுத்து வைத்தது. இடது முழங்கையை மடக்கினார். அதே மூச்சு. பிறகு எக்ஸ்ரே.

இரண்டு பக்கமும் இருந்தது. குட்டியைவிட மோசம். பழசு.

"நொண்டுறேல்லையே" என்றார் மில்லக்கா. குரல் சின்னதாக இருந்தது.

"ரெண்டு பக்கமும் நோகேக்கை எந்தப் பக்கத்துக்கு நொண்டுறது அம்மா?"

டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். காலை அகட்டி நிற்கிறது பாரத்தை உள்பக்கத்திலிருந்து எடுக்க. சின்ன அடி வைக்கிறது மூட்டை மடக்காமல் இருக்க. படியில் யோசிக்கிறது இறங்கும்போது பாரம் முன்னுக்கு விழும் என்பதால். படுத்திருக்கிறது எழும்பி நிற்க நோகிறதால். இனிமேல் இதைக் குட்டிக்கு விடக் கூடாது. குட்டி போடுகிற பெட்டையையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே போன குட்டிகளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும்போது மில்லக்கா துரையின் முன்னங்காலில் கையை வைத்தபடி இருந்தார். மில்லடியில் இறங்கினதும் சட்டரை முழுக்க உயர்த்தினார். நிலத்தில் மா தூவினார். "தம்பி, அந்தப் பக்கத்திலை இருந்து கூப்பிடு" என்றார். நான் கூப்பிட்டேன். துரை மாவில் நடந்து வந்தது.

அவர் குந்தி இருந்து பார்த்தார். அடிகள் இரண்டு வரியும் ஒரே மாதிரி. ஒரே ஆழம், ஒரே தூரம், ஒரே சரிவு. இவ்வளவு சமனான அடியை நானும் கண்டதில்லை.

"உதுக்குத்தானேடா உனக்குத் துரை எண்டு பேர் வைச்சனான்" என்றார் நாயைப் பார்த்து.

துரை அவருக்குப் பக்கத்தில் போய், முதலில் பின்பக்கத்தை இறக்கி, பிறகு முன்பக்கத்தை மெல்ல மெல்ல இறக்கிப் படுத்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். எத்தனையோ தரம் பார்த்ததுதான்.

அந்த நேரம் கூட்டுக்குள் துரையின் குட்டிகள் நின்றன. பால் மறந்து, கொண்டுபோக ஆயத்தம். எல்லாவற்றுக்கும் ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். மில்லக்கா இல்லை என்றுவிட்டார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்.

மானிப்பாயிலிருந்து ஒருவர் வந்தார். தமையன் வெளிநாட்டிலிருந்து வருகிறார், வரும்போது வீட்டில் அல்சேசன் நிற்க வேண்டும் என்று நின்றார்.

"அக்கா, இப்ப நல்லாத்தானே ஓடுது. வருமெண்டு என்ன நிச்சயம்?"

"நிச்சயமில்லை."

"அப்ப தாங்கோவன். நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

"நீர் சொல்லாட்டிலும் அது நடந்து காட்டுமெல்லோ."

"விசர்க் கதை கதைக்கிறியள். நாயெண்டால் நொண்டும்தான். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் ஆருக்குத் தெரியும்? உங்கடை பேரையும் நீங்களே கெடுக்கிறியள்."

"பேர் எனக்கு ஆர் தந்தது? துரையின்ரை கால் தந்தது. அது நோவோடை நடந்து தந்த பேர். எனக்கு வேண்டாம்."

அவர் கேற்றை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். சொன்ன மாதிரியே பெயர் கெட்டது. மில்லக்காவின் நாய் எல்லாம் நொண்டியாம் என்று சந்தியில் கதை வந்தது. ஓட்டோக்காரரும் சொன்னார்கள். துரைக்கும் பெட்டைக்கும் டொக்டரைக் கொண்டு இனி குட்டி இல்லாமல் செய்தார். குட்டிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல், சொன்னதைக் கேட்டு விளங்கினவர்களுக்குச் சும்மா கொடுத்தார். ஓடவிடாதையுங்கோ, படியிலை ஏற்றாதையுங்கோ, தடிக்க விடாதையுங்கோ, குட்டி போட விடாதையுங்கோ. இவ்வளவும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் கொடுத்தார்.

பிறகு பழைய வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம். ஒவ்வொரு கேற்றாகத் தட்டினார். என்ன சொல்வார் என்று எனக்குப் பாடமாகிவிட்டது. "என்ரை நாயின்ரை மூட்டிலை பிழை இருக்கு. உங்கடைக்கும் இருக்கலாம். டொக்டரிட்டைக் காட்டுங்கோ." ஒரு வீட்டில் நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில், "வளத்துப் பழகின பிறகு வந்து சொல்லுறியளே" என்று அழுதார்கள். கோண்டாவிலில் ஒரு கிழவர், "என்ரை நாய் நொண்டேல்லை, நான்தான் நொண்டுறன். என்னை எந்த டொக்டரிட்டைக் காட்டப்போறாய்?" என்று கேட்டார். மில்லக்கா அவருடைய காலைப் பார்த்தார். வாய் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடினார்.

அதற்குப் பிறகு அவர் ஒருவருடைய நடையைப் பற்றியும் சொல்லி நான் கேட்கவில்லை.

நல்லூரைக் கடைசிக்கு விட்டிருந்தார். "இண்டைக்குப் போவமோ?" என்று நான் கேட்டால், "மழை வரப்பார்க்குது" என்பார். வானம் வெளித்திருக்கும். மற்ற வீடுகளில் பிழை நாயில். நல்லூரில் பிழை அவரில். எனக்கு அது விளங்கினது. நான் கேட்கிறதை விட்டேன்.

ஒரு சனிக்கிழமை மில்லைப் பூட்டிவிட்டுத் தானாக வந்து ஓட்டோவில் ஏறினார்.

"நல்லூர்."

மாமி கேற்றைத் திறந்தார். வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் சைக்கிள்கள் மதிலோடு நின்றன. கூட்டிப்போக வந்த தாய்மாரும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். "வாங்கோ அக்கா, உள்ளுக்கை வாங்கோ, தேத்தண்ணி..." என்றார் மாமி.

"இல்லை. இதிலையே நிண்டு சொல்லிப்போட்டுப் போறன். அந்தக் கதையும் இந்தக் கேற்றடியாலைதானே வெளியிலை போனது."

தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்கடை குட்டி விழேல்லை. ஒருத்தரும் போடேல்லை. அது பிறந்த பிழை. என்ரை துரையாலை வந்தது. டொக்டர் படம் பிடிச்சுக் காட்டினவ. நான் பாத்துச் சொன்னது பிழை. மருமோள்ப் பிள்ளையிலை நான் போட்டது வீண்பழி."

மாமியின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அது போன கதை அக்கா. ஆர் இப்ப அதை நினைக்கினம்?"

"நான் நினைக்கிறன். பிள்ளை எங்கை?"

மருமகள் குசினி வாசலுக்கு வந்திருந்தாள். கையில் அகப்பை இருந்தது. முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"பிள்ளை, நீ போடேல்லை" என்றார் மில்லக்கா.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்தானே அக்கா."

ஒரு தாய் வாய்க்குள் சிரித்தார். மாமி, "பாத்தியளோ வாயை" என்றார். மில்லக்கா தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி ஓட்டோவில் ஏறினார். நான் ஸ்டார்ட் செய்யக் கையை வைத்தேன்.

"அக்கா."

மருமகள் கேற்றடிக்கு வந்திருந்தாள்.

"எங்கடை குட்டி இருக்கோ?"

"இருக்கு."

"தருவியளோ?"

"அது ஓடாது பிள்ளை. காலம் முழுக்க நோவு இருக்கும். மருந்து குடுக்கோணும். காவலுக்கும் உதவாது."

"எனக்குக் காவல் வேண்டாம்."

மாமி உரக்கச் சொன்னார். "நொண்டி நாயை வைச்சு இஞ்சை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன் மாமி."

"மாடிப்படி?"

"நானும் அதுவும் கீழ் அறையிலை கிடக்கிறம். உங்கடை மகன் வேணுமெண்டால் மேலை படுக்கட்டும்."

தாய்மார் இந்த முறை வாய்விட்டுச் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. ஆனால் கேற்றைச் சாத்தவும் இல்லை.

மில்லக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் பதிலுக்கு நிற்கவில்லை. ஓட்டோவுக்குள் காலை வைத்தாள்.

"இப்பவோ?" என்றார் மாமி. "அடுப்பிலை கறி கிடக்கு."

"அடுப்பை நூத்துப்போட்டுத்தான் வந்தனான்."

மில்லக்கா தள்ளி இருந்து இடம் விட்டார். நான் ஓட்டோவை எடுத்தேன்.